டியூஷனுக்கு முந்தின அரை மணி நேரம்

பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொந்த நேரம் என்று ஒன்று கிடையாது. இளையோர் நாவல் எழுத உட்காருகிறவர் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இதுதான். வேலூரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனின் நாளைப் பாருங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் மறுபடியும் ஸ்பெஷல் கிளாஸ், ஆறு மணிக்கு டியூஷன், எட்டரைக்கு வீடு. ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் அரை மணி நேரம் மிஞ்சும். அந்த அரை மணியில்தான் அவன் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று நண்பனோடு முறைத்துக்கொள்கிறான், வீட்டில் சொல்லப்போகும் பொய்யை மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறான், பாகாயம் பஸ்ஸில் ஏறுகிற ஒருத்தியைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்கிறான். இளையோர் நாவல் நடப்பது அந்த இடத்தில். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வருவது.

சிறார் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கான கதையில் பெற்றோரைச் சுலபமாக ஊருக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைக் காட்டுக்குள் விடலாம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை அது செல்லாது. அந்த வயதுக் கதையில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், களைத்துப்போய், அடுத்த அறையில். அவள் காதில் விழாமல் பேச வேண்டியிருப்பதே கதைக்கு இறுக்கத்தைத் தருகிறது.

ஆகவே கதைச்சுருக்கம் எழுதுவதற்கு முன்பு நேர அட்டவணை போட வேண்டும். ஒரு லாங் சைஸ் நோட்டில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள், காலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை மணிக்கு ஒரு வரி. ஒவ்வொரு மணியிலும் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதோடு, யார் கண்ணில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். யார் கண்ணிலும் படாத நேரங்களைச் சிவப்பு மையில் சுழியுங்கள். ஒரு வாரத்துக்கு நான்கோ ஐந்தோ தேறும். முக்கியமான காட்சிகளை அங்கே வையுங்கள். இதைச் செய்யாமல் எழுதினால், செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கதாநாயகன் கோட்டை மதிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பான். பள்ளிக்கு லீவ் லெட்டர் யார் கொடுத்தது? பல தனியார் பள்ளிகளில் பிள்ளை வராவிட்டால் அப்பாவின் போனுக்குக் காலையிலேயே தகவல் போய்விடும். படிக்கிற பிள்ளைக்கு இது உடனே தெரியும். புத்தகத்தை மூடிவிடும்.

பெண்பிள்ளையின் அட்டவணை வேறு மாதிரி. பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமம், அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். அடுப்பு, தம்பி, தண்ணீர் எல்லாம் இவள் தலையில். இவளுக்கான சிவப்புச் சுழி மாலையில் விழாது. அம்மா போனதற்கும் தம்பி எழுவதற்கும் இடையில், காலை இருபது நிமிடங்களில் விழும். வீட்டுக்குப் பொதுவான போன் அந்த நேரத்தில் யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். அம்மா கையோடு எடுத்துப்போயிருந்தால் கதை ஒரு பக்கம் போகும், சார்ஜில் விட்டுப்போயிருந்தால் இன்னொரு பக்கம் போகும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. கதைக்கு இடைஞ்சல் என்று நிறைய பேர் போனைத் தொலைத்துவிடுகிறார்கள், அல்லது பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார்கள். ஒரு நாவலில் ஒருமுறை அது செல்லும். இரண்டாம் முறை செய்தால் தெரிந்துவிடும். நடைமுறையில் பிள்ளைகளைத் தடுப்பது வேறு: நெட் பேக் மதியத்தோடு தீர்ந்துபோகிறது, ரீசார்ஜ் முடிந்து வெளியே கால் போகவில்லை, அண்ணன் லாக்கை மாற்றிவிட்டான், அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் மெசேஜை அழிக்க வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி இருக்கிறது.

இடத்தைச் சரியாக எழுதுவது அடுத்த வேலை. ‘நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்’ என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. தயவுசெய்து நாவலை அதில் தொடங்காதீர்கள். தேய்ந்துபோனது என்பது ஒரு காரணம், பொய்யாகிவிட்டது என்பது இன்னொன்று. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் மறுபடி லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரை புரண்டு போனது. அன்று பத்து வயதாக இருந்த பிள்ளைக்குப் பாலாறு என்றால் மணல் மட்டுமல்ல, தண்ணீரும்தான்.

மாவட்டக் கணக்கிலும் நிறைய பேர் சறுக்குகிறார்கள். வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது, ஒன்று வேலூர் பக்கம், மற்றது திருவண்ணாமலை பக்கம். 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2015-இல் நடக்கும் கதையில் ஆம்பூர்ப் பெண் சாதிச் சான்றிதழ் விஷயமாகத் திருப்பத்தூர் கலெக்டரிடம் மனு கொடுத்தால் தப்பு. அப்போது அவள் வேலூருக்குத்தான் வந்திருக்க வேண்டும். அந்தப் பஸ் பயணமே ஒரு அத்தியாயம் ஆகியிருக்கும்.

தோல் தொழிலை எழுதும்போது ‘டேனரி நாற்றம்’ என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். அருகே போய்ப் பார்த்தால் அது ஒரே நாற்றம் கிடையாது. பச்சைத் தோல் வந்து இறங்கும் குடோனில் உப்பும் அழுகலும் கலந்த வாடை. சுண்ணாம்பில் ஊறவைத்து முடி உதிர்க்கும் இடத்தில் சோடியம் சல்பைடு சேர்ப்பதால் அழுகிய முட்டை வாடை. குரோமியத்தில் பதப்படுத்திய தோல் வெளியே வரும்போது ஈரமாக, வெளிர்நீலமாக இருக்கும். அதற்கு ‘வெட் புளூ’ என்றே பெயர். கடைசியில் பினிஷிங் பிரிவில் தின்னரும் லாக்கரும் மணக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துப் பெண்கள் அதிகம் வேலை பார்ப்பது ஷூவின் மேல்பகுதி தைக்கும் கம்பெனிகளில். அவர்கள் புடவையில் வீட்டுக்கு வருவது பசை வாடை. ‘அம்மா வந்துட்டா’ என்று கண்ணை மூடிக்கொண்டே பிள்ளை கண்டுபிடிப்பது அந்தப் பசை வாடையை வைத்துத்தான். அங்கே சுண்ணாம்புக் குழி வாடையை எழுதினால், அந்த வீட்டுப் பிள்ளை படிக்கும்போது அது வேறு யாரோ ஒருவருடைய அம்மா ஆகிவிடும்.

சரித்திரக் கதை எழுத விரும்பினால் 1806 ஜூலை 10 வாசலிலேயே இருக்கிறது. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை, வேலூர்க் கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள், விடியலுக்கு முன் வெடித்த சிப்பாய்களின் எழுச்சி, செய்தி எட்டியதும் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அதை அடக்கிய பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி. ஆற்காட்டிலிருந்து கோட்டை சுமார் 25 கிலோமீட்டர். கதையை ஒரு தளபதியின் கண்ணில் சொல்லாமல், அந்தச் சாலையில் எதிரே குதிரைகள் வருவதைப் பார்த்த பதினான்கு வயதுப் பையனின் கண்ணில் சொல்லுங்கள். அவனுக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. குதிரைகள் எந்தப் பக்கம் போகின்றன என்பது மட்டும் தெரியும். எல்லோரும் கோட்டையையே எழுதுகிறார்கள் என்று தோன்றினால், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடியோடு தொலைநோக்கி நிற்கிறது. மலைக்கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் அந்த வெள்ளைக் கூண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கதையாக்க இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

பேச்சுமொழி. பிள்ளைகள் முதலில் மோப்பம் பிடிப்பது இதைத்தான். குடியாத்தம் பக்கத்து வீடுகளில் தெலுங்கு கலக்கும், வாணியம்பாடித் தெருக்களில் உருது கலக்கும். ‘கீது’, ‘எம்மாம்’, ‘அப்பால’, ‘நைனா’ எல்லாம் வட ஆற்காட்டு நாக்கில் இயல்பாகப் புரளும். இவற்றை மிளகாய்த்தூள் மாதிரி எல்லா வரியிலும் தூவினால் நாடக மேடையாகிவிடும். ஒரு உரையாடலுக்கு இரண்டு மூன்று போதும், அவை சரியான வாயிலிருந்து வர வேண்டும். பெரும்பாலும் பெரியவர்கள் வாயில்தான் வட்டார வழக்கு கெட்டியாக இருக்கும். பிள்ளைகள் பேச்சில் பாதி ரீல்ஸ் மொழி.

ஏட்டு நடையில் எழுதிய வரி இப்படி இருக்கும்: “அப்பா, பேருந்து வராததால் நான் தாமதமாக வந்தேன்.” அதே காட்சியை இப்படிப் பாருங்கள்:

“எம்மாம் நேரமா நிக்கிறேன். எங்கடா போன?”

“பஸ்ஸு வர்ல நைனா.”

“அஞ்சே முக்கா பஸ்ஸுல உங்க அத்த வந்து எறங்கிச்சே.”

மூன்றே வரி. பொய், அது பிடிபடுவது, காணாமற்போன அரை மணி நேரம் மூன்றும் வந்துவிட்டன. ‘அப்பாவுக்குக் கோபம் வந்தது’ என்று தனியாக எழுத வேண்டிய தேவை இல்லை.

இந்த மண்ணில் இளைஞர்களின் வாழ்க்கையை நாவலாக்குவது புதிதும் அல்ல. வட ஆற்காட்டுக்காரரான மு.வரதராசனாருக்கு 1961-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த ‘அகல் விளக்கு’, வாலாசாவில் ஒன்றாகப் படிக்கும் இரண்டு பையன்களிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் காலத்து வாசகர் நாவலில் அறிவுரையை ஏற்றுக்கொண்டார். இன்றைய பிள்ளைக்கு அது நாள் முழுக்க வேறு வாய்களிலிருந்து கிடைக்கிறது. கடைசி அத்தியாயத்தில் ஒரு நல்லாசிரியர் வந்து எல்லாவற்றையும் விளக்கினால், அந்த ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரை வெட்டிவிடுங்கள். அதேபோல் வகுப்பறையில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் எந்தச் சாதியைக் காட்டுகிறது என்று தெரியாத பிள்ளை இல்லை. அதை விட்டுவிட்டு ‘எல்லோரும் நண்பர்கள்’ என்று எழுதினால் மற்ற பக்கங்களையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

அளவுக்கு வருவோம். தமிழில் இந்த வயதுக்கு 20,000 முதல் 30,000 சொற்கள் போதும். தமிழ்ச் சொல் விகுதிகளையெல்லாம் தன்னோடு ஒட்டிக்கொண்டு வருவதால், ஆங்கில நாவல்களின் சொற்கணக்கை இங்கே பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு அத்தியாயம் 1,200 முதல் 1,500 சொற்கள். பஸ்ஸில் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவு அது. எழுதுகிறவருக்கும் பகலில் வேறு வேலை இருக்கும். ஆசிரியரோ, நர்ஸோ, வங்கி ஊழியரோ, அவர் நேரமும் அந்தப் பிள்ளையின் நேரம் போலத்தான், மிச்சம் மீதி. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 500 சொல் என்றால் பத்து வாரத்தில் 25,000. முதல் வரைவை நடுவில் திருத்தாமல் முடித்துவிடுவது நல்லது. திரும்பத் திரும்ப முதல் அத்தியாயத்தையே செதுக்குவதுதான் பாதி நாவல்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம். முடித்ததும் ஒரு மாதம் எடுத்து வையுங்கள்.

பிறகு ஐந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். சொந்தக்காரப் பிள்ளைகள் வேண்டாம். அவர்கள் ‘சூப்பர் பெரிப்பா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தெரிந்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவோ கிளை நூலகர் வழியாகவோ, பெற்றோரின் சம்மதத்தோடு கொடுப்பது முறை. பேசுவதெல்லாம் இன்னொரு பெரியவர் இருக்கும்போதுதான். பிள்ளைகளோடு தனியாக வாட்ஸ்ஆப் பேச்சு வைத்துக்கொள்ளவே கூடாது. 14 பாயின்ட்டில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு, ஒரு பென்சிலும் சேர்த்துக் கொடுங்கள். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் பதில் பயன்படாது. ‘படிக்கிறப்போ எங்க கீழ வெச்சியோ, அங்க ஒரு கோடு போடு’ என்று மட்டும் சொல்லுங்கள். ஐந்தில் மூன்று கோடுகள் ஒரே பக்கத்தில் விழுந்தால், தப்பு அந்தப் பக்கத்தில் இருக்காது. இரண்டு மூன்று பக்கம் முன்னால் இருக்கும். அங்கே வர்ணனை நீண்டிருக்கும், அல்லது ஒரு பெரியவர் பேசத் தொடங்கியிருப்பார்.

நடந்த சம்பவத்தை வைத்து எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடுக்கிறது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரும் பள்ளியும் அப்பாவின் தொழிலும் அப்படியே இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். மூன்றையும் மாற்றுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் எழுத்துருவைக் கவனியுங்கள். யூனிகோடில் அடித்த பிரதியைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி லேஅவுட் செய்யும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறும். இன்டிசைன் என்ற லேஅவுட் மென்பொருளில் யூனிகோடாகவே வைப்பதென்றால் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ தேர்வு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு தப்பான பக்கம் போய் நிற்கும். ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தனித்தனியாக அடிப்பது இன்னொரு பழக்கம். தாளில் கண்ணுக்குத் தெரியாது, மின்நூலில் தேடினால் சொல் கிடைக்காது. டெமி என்ற புத்தக அளவில் ஒரு பாரம், அதாவது ஒன்றாகச் சேர்ந்து அச்சாகும் பகுதி, 16 பக்கம். 25,000 சொற்கள் ஏறக்குறைய ஒன்பது பாரம், 144 பக்கம். 147 பக்கம் வந்தால் மூன்று பக்கத்தைக் குறைக்கப் பாருங்கள், மூன்று பக்கத்துக்காக ஒரு பாரம் கூடுவது வீண் செலவு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குக் கட்டணம் கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ‘எண் வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணம் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். 180 ரூபாய்ப் புத்தகம், 10 சதவீதம் ராயல்டி, 500 பிரதி என்றால் 9,000 ரூபாய். அந்தப் பத்து சதவீதம் அட்டை விலைக்கா, விற்பனையாளருக்குத் தரும் கழிவு போக மிஞ்சும் விலைக்கா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். 35 சதவீதம் கழிவு போனால் ஒரு பிரதிக்குப் 18 ரூபாய் என்பது 11 ரூபாய் 70 காசு ஆகிவிடும். மொத்தம் 5,850. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, பகல் வேலையை விடாதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’ என்ற வரியைப் பார்த்தால் கையெழுத்துப் போடும் முன் மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் மூன்றையும் அதிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். விருதுகளும் உண்டு. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குப் பால சாகித்திய புரஸ்காரும், 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு யுவ புரஸ்காரும் தருகிறது, ஒவ்வொன்றும் 50,000 ரூபாய். 2021-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற மு.முருகேஷ் பழைய வட ஆற்காட்டு வந்தவாசியில் வசிப்பவர்.

இளையோர் நூலுக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பதிப்புலகம் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியை நோக்கி ஓடுகிறது. அந்த நேரத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் ரிவிஷன் டெஸ்டில் மூழ்கியிருப்பார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜனவரியில் புத்தகத்தை வாங்குவது அப்பா. பிள்ளை அதைத் திறப்பது பரீட்சை முடிந்த பிறகு, வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, வீட்டை விட்டு வெளியே போக முடியாத மதியங்களில். ஆகவே கைப்பிரதியை ஆகஸ்டுக்குள் பதிப்பகத்திடம் கொடுத்து ஜனவரியில் வெளியிடுங்கள், ஆனால் வாசகரிடம் பேசும் வேலையை ஏப்ரல், மே மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளுக்குப் போக ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நல்ல காலம். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் எந்தத் தலைமையாசிரியரும் பீரியடை விட்டுத்தர மாட்டார்.

பள்ளியில் கிடைப்பது ஒரு பீரியட், நாற்பது நிமிடம். மைக் பிடித்து வாசிப்பின் அவசியத்தைப் பேசினால் பத்தாவது நிமிடத்தில் கடைசி பெஞ்சு தூங்கும். ஆறு நிமிடம் நாவலிலிருந்து ஒரு காட்சியை வாசியுங்கள், பொய் பிடிபடும் காட்சியாக இருந்தால் நல்லது. சிக்கல் இறுகும் இடத்தில் நிறுத்தி, ‘இவன் இப்போ அப்பாகிட்ட என்ன சொல்வான்?’ என்று ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வரும் பதில்களில் அடுத்த நாவலுக்கான பேச்சுமொழி இருக்கும். பெயர் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் நிஜமாக எழுதுவார்கள். வகுப்பறையில் புத்தகம் விற்காதீர்கள். காசு கொண்டுவராத பிள்ளைக்கு அது தலைகுனிவு. நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் ‘தேன்சிட்டு’ இதழையும் புரட்டிப் பாருங்கள். அதில் பிள்ளைகளே எழுதும் பக்கங்களில் அவர்கள் வாக்கியம் எவ்வளவு நீளம் போகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று தெரியும்.

புத்தகம் வெளிவந்து ஒரு வருடம் கழித்துக் கிளை நூலகத்துக்குப் போய் உங்கள் நாவலை எடுத்து, உள் அட்டையில் தேதிச் சீட்டு ஒட்டியிருந்தால் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் இரண்டு முத்திரை, பிப்ரவரியில் வெற்றிடம், ஏப்ரல் கடைசியிலிருந்து வரிசையாக முத்திரை இருந்தால், புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போயிருக்கிறது. முத்திரைகள் வருடம் முழுக்கச் சீராக விழுந்திருந்தால் பெரியவர்கள் எடுத்துப் படிக்கிறார்கள். அடுத்த நாவலுக்கு மறுபடி லாங் சைஸ் நோட்டைத் திறந்து, ஐந்தரை மணியிலிருந்து தொடங்குங்கள்.